குர்ரம் விசிட்

வியாழக்கிழமைகளில் நாலரைக்கு எழுந்து
சாம்பாரைத் தாளித்து மகனின் டப்பாவை மூடி
ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் இரண்டாவது ஹெல்மெட்டைத் திணித்துக்கொண்டு
கும்மிடிப்பூண்டியை விட்டுக் கிளம்புகிறேன்.
ஆரம்பாக்கம் தாண்டினால்
தடா வரைக்கும் லாரிகள் தூங்குகின்றன,
டயருக்கு அண்டைக்கல் வைத்து.
வலப்பக்கம் சவுக்குத்தோப்பு.
அதற்கப்பால் உப்புக்காற்று, கம்பிவேலி,
லச்சி.

நாற்பத்து மூன்று வயதில் குதிரையேற்றம் எதற்கு என்று
பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள்.
எலும்பு டாக்டர் கேட்கவில்லை,
ஃபீஸை மட்டும் வாங்கிக்கொண்டார்.

எதற்கென்று எனக்கும் தெரியாது.
வாஷ்பேசின் கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவு.
நான் கையெழுத்துப் போட்டால்
ஒரு நாளைக்கு அறுபது லாரி நகரும்.
நான் நகர்ந்ததில்லை.

மஸ்தானுக்கு இருபத்து மூன்று வயது.
கிண்டியில் ரேஸ் குதிரைகளைக் குளிப்பாட்டியவன்.
'மேடம், கடிவாளம் ஸ்கூட்டர் பிரேக் இல்ல' என்பான்,
ரீல்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.
எப்படிப் பார்க்கிறான் என்று புரியவில்லை.

முதல் மாதம் ஏறவும் இறங்கவும்.
இரண்டாம் மாதம் மாத்திரையும் தைலமும்.
ஆபீஸ் நாற்காலியில் நான் உட்காரும் விதத்தைப் பார்த்து
அக்கவுண்ட்ஸ் பிரமீளா
தனக்குத் தெரிந்த மூலவியாதி வைத்தியர் ஒருவரின் நம்பரை
எழுதியே கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் மாதம் துள்ளுநடை.
தொடைப் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.
நான் இறுகினேன்.
நான் இறுகியதை உத்தரவென்று எடுத்துக்கொண்டு
லச்சி பாய்ந்தாள்.

மணலில் கிடந்தேன். வாயில் மண்,
காதில் மேனேஜர் சௌரிராஜன் சார்:
'பேசின் நூற்றிருபதா, நூற்றிருபத்தொண்ணா?'
மண்ணைத் துப்பிவிட்டு
'நூற்றிருபது சார்' என்றேன்.

மறுவாரம் போனை மஸ்தானிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.
எழு, அமர், எழு, அமர் என்று
இடுப்புக்குச் சொல்லிக்கொண்டே வட்டம் எண்ணினேன்.
ஏழு. எட்டு.
அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
அவள் முதுகு எழுந்தபோது நானும் எழுந்திருந்தேன்.
குளம்புக்கடியில் சவுக்குக்காய் நொறுங்கியது.
அவள் மூச்சு எனக்கு முன்னால் வெள்ளையாகப் போனது.
எத்தனையாவது வட்டம்?
பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக
எண்ணிக்கை தப்பியது,
யாரும் மெமோ தரவில்லை.

வேலியோரம் போன் அடித்திருக்கிறது.
மஸ்தான் எடுத்திருக்கிறான்.
'மேடம் குர்ரம் மீத உன்னாரு.'
வைத்துவிட்டான்.

சௌரிராஜன் சாருக்குத் திருக்கண்ணபுரம்.
மூன்று வருடத் தடாவில் அவர் கற்ற தெலுங்கு
டீயில் சர்க்கரை வேண்டாம் என்பது வரைக்கும்.
குதிரைக்குக் குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரமா என்று
எங்கள் பக்கம் கேலி செய்வார்கள்.
அவர் அர்ரம் வரைக்கும்கூட வந்தவரில்லை.
'குர்ரமா? நாயுடுப்பேட்டைப் பக்கமா அது?
நம்ம டீலர் யாராவது உண்டா?'

என் கையில் இன்னும் லச்சியின் வாசனை.
சாம்பிள் பேசினில் இரண்டு தரம் கழுவியும் போகவில்லை.
'சின்ன ஊர் சார்,' என்றேன்.
'சிக்னல் கிடைக்காது.'

அன்றிலிருந்து வெள்ளைப்பலகையில் வியாழன்தோறும்
அவர் கையெழுத்தில்: குர்ரம், மார்க்கெட் விசிட், எட்டரை வரை.
பெட்ரோல் படிகூடத் தருவதாகச் சொன்னார்.
அதை வாங்க மட்டும் மனம் வரவில்லை.

போன மாதக் கூட்டத்தில் கேட்டார்:
'குர்ரத்துல இதுவரைக்கும் ஒரு பேசின்கூடப் போகலையே?'
'மெதுவாத்தான் ஏறும் சார்.'

நேற்று சாயங்காலம்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:
'அடுத்த வாரம் நானும் வரேன்.
அந்த ஊரை ஒருதரம் பார்த்துடலாம்.'

இன்றைக்கு லீவு போட்டுவிட்டுத் தோப்புக்கு வந்தேன்.
தொண்ணூறு கிலோவுக்கு லச்சி ஒப்புவாளா என்று
மஸ்தானிடம் விசாரித்தேன்.
அவன் லச்சியைப் பார்த்தான்.
அவள் வேலிக்கம்பத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்,
கம்பம் ஆடியது.

'ஒப்புவா மேடம்,' என்றான்.
'போனை மட்டும் முதல்லயே வாங்கி வச்சிடுங்க.'