நாற்பது விநாடி

பாடாங் செராய் ஒட்டுக்கடையில்
எனக்கும் சேர்த்துத் தே சொல்கிறார் சன்னாசி,
எங்கள் வட்டார நிருபர்.
என் பையில் அவருடைய பணிநீக்கக் கடிதம்.
கையெழுத்து என்னுடையது:
தலைமை அதிகாரி, மின்னூடகப் பிரிவு.

இதே பஸ் ஸ்டாண்டில்தான்
பினாங்கு பஸ் கண்டக்டரிடம்
ஃபிலிம் சுருளைக் கொடுத்துவிட்டு
மறுநாள் பேப்பரில் என் பெயரைத் தடவிப் பார்ப்பேன்.
மை ஒட்டும்.

"மூணாம் பிரிவுல எட்டு வீட்டுக்குத் தண்ணி இல்ல, மேடம்.
பதினோரு நாளாச்சு."
வாய் தானாகக் கேட்டது:
"காணொளி இருக்கா?"
"வராத தண்ணிய எப்படி எடுக்கிறது?"

போனோம்.
செம்பனை நிழலில் குழாயைத் திறந்துவிட்டு
ஒதுங்கி நின்றார்.
நாற்பது விநாடி பிடித்தேன்.
முப்பதாவதில் ஒரு கட்டெறும்பு
குழாய்க்குள் போய்
திரும்பி வந்தது.

அங்கிருந்தே ஏற்றினேன்.
கடைக்குத் திரும்புவதற்குள் இரண்டாயிரம் பேர்.
சராசரி, மூன்று விநாடி.
எறும்பை யாரும் பார்க்கவில்லை.

ஒரு செய்திக்கு அவருக்கு நாங்கள் தருவது
பதினைந்து வெள்ளி.
ஆறிப்போன தே இரண்டுக்கும் நாலு வெள்ளியை
நான் பையைத் திறக்கத் தயங்கிய நேரத்தில்
அவரே கொடுத்துவிட்டார்.