மேல்வீட்டு ரோஸ்மேரி

பத்ராஸ் துறைமுகத்தில்
லாரிகளுக்குக் கைகாட்டிக் கப்பலுக்குள் ஏற்றும் வேலை எனக்கு.
இரவெல்லாம் டீசல் குடித்த மூக்கு.
காலையில் வந்து சட்டையைத் துவைத்துக் காயப்போட்டால்
மேல்வீட்டு பொலிக்ஸேனியின் தொட்டியிலிருந்து
சொட்டுச் சொட்டாய் மண்தண்ணீர்.

இரண்டு முறை படியேறிச் சண்டை போட்டேன்.
மூன்றாம் முறை ஏறவில்லை.
தொட்டியிலிருந்து கிளை ஒன்று
கம்பிக்கு வெளியே தலைநீட்டிக்
கீழே வளைந்து, மறுபடி நுனியை நிமிர்த்தி
என் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது.

எங்கள் மொழியில் அதற்குப் பெயர்
மரச் சாம்பிராணி.
இரண்டு விரலால் நுனியை உருவினேன்.
பிசின். கற்பூரம். எங்கோ கொஞ்சம் பைன்.
டீசல் மூக்கைவிட்டு இறங்கியது.

முதல் வெள்ளிக்கிழமை ஒரு விரல் நீளம்.
அடுத்த வெள்ளியும் ஒரு விரல்.
(கத்தரிக்கோலால்தான். பிய்த்தால் பட்டை உரியும்;
திருட்டிலும் ஒரு மரியாதை வேண்டும்.)
வெட்டிய இடத்தில் இரண்டாய்த் துளிர்த்தது.
இரண்டையும் வெட்டினேன், நான்கு.
திருடியவனுக்கே வட்டி கட்டும் செடி.

மத்தி மீனை மாவில் புரட்டிப் பொரித்தெடுத்து
அதே எண்ணெயில் பூண்டு, ரோஸ்மேரி,
படபடவென்று வெடிக்கும்போதே வினிகர்
(முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், கண் எரியும்),
கைப்பிடி உலர்திராட்சை.
மீன்மேல் ஊற்றி மூடிவைத்தால்
நான்கு நாள் கெடாது.
இரவு வேலைக்காரனுக்கு நான்கு சாப்பாடு.

ஆகஸ்ட் கடைசியில் மணம் குறைந்தது.
அடி இலைகள் கறுத்தன.
நுனியைக் கடித்தால் குட்டைத் தண்ணீர் ருசி.
புரிந்துவிட்டது, வேர் அழுகுகிறது.
காலையில் ஒரு வாளி, மாலை ஆறு மணிக்கு ஒரு வாளி,
பேசில் செடிக்கு ஊற்றுவதுபோல் ஊற்றுகிறாள்.
இதுவோ பாறையிடுக்கில்
கடல்காற்றைக் குடித்துக் கிடக்கும் சாதி.
சொல்லலாம். ஆனால்
இலையின் ருசி உனக்கெப்படித் தெரியும் என்பாள்.
திருடனைத் தேள் கொட்டினால் இப்படித்தான்.

பத்து நாள் பொறுத்தேன்.
பிறகு மீனை ஒரு ஜாடியில் போட்டுக்கொண்டு
படியேறினேன்.

நின்றபடியே ஒரு துண்டு தின்றாள்.
முள்ளை உள்ளங்கையில் துப்பினாள்.
"நாற்பத்தேழு" என்றாள்.
"மார்ச்சிலிருந்து நாற்பத்தேழு வெட்டு.
என்னைக் கிள்ளுக்கீரை என்றா நினைத்தாய், லாம்ப்ரோஸ்?
நல்ல பக்கம் உன் பக்கமாய் வரட்டும் என்று
தொட்டியைத் திருப்பி வைத்ததே நான்தான்."

தரையில் செய்தித்தாள் விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தோம்.
கப்பல் வேலைநிறுத்தச் செய்தியின்மேல்
கறுத்த வேர், நாறும் சேறு.
அழுகியதை நறுக்கி
பாரம் குறைய மேலேயும் பாதி கழித்தேன்.
தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய குவியலிலிருந்து
சரளைக்கல் அள்ளிவந்து மண்ணில் கலந்தேன்.
செடி பிழைக்காவிட்டாலும் இருக்கட்டும் என்று
பச்சையாய் இருந்த ஐந்து நுனிகளைக்
கீழ் இலை உருவிக் கண்ணாடி டம்ளரில் நிறுத்தினேன்.
"இனி பத்து நாளைக்கு ஒருமுறை போதும்" என்றேன்.
வாளியைப் பார்த்தாள்.
"அப்போ மாலை ஆறு மணிக்கு
நான் என்ன செய்வது?"

என்னிடம் பதில் இல்லை.
செடியைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அக்டோபரில் டம்ளரில் மூன்று வேர்விட்டன,
வெள்ளை நூல்போல.
பெரிய செடி அரைகுறையாய்ப் பிழைத்து நிற்கிறது;
என் பக்கம் வர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்.
ஆறு மணிக்கு அவள்
வெறும் கம்பிகளையும் தரையையும் கழுவுகிறாள்.
சட்டைமேல் சொட்டு விழுகிறது.
இப்போது மண் இல்லை, வெறும் தண்ணீர்.

துணிக்கயிற்றை நகர்த்தலாம்.
நகர்த்தவில்லை.