புகைபோக்கி மட்டம்

காவேரிப்பாக்கம் ஏரியில்
இரும்புப் படகு நீராவியில் ஓடிய ஒன்பது வருஷமும்
அக்கரைக்கு அரையணா, ஆட்டுக்குக் காலணா.
கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை;
ஆறு வயசுப் பையன்களும்
அம்மா இடுப்பிலேயே ஏறினார்கள்.

ஏரி கோடி போன ஐப்பசி ராத்திரி
முழுகிக் கிடந்த பனங்கட்டை
அடித்தகட்டைக் கிழித்தது.
கொதிகலனுக்குச் சவுக்கு போடும் தஸ்தகீர்
கரைக்குக் கேட்கட்டும் என்று
ஊதலை இழுத்துப் பிடித்தபடி நின்றான்.
நாற்பத்தொரு பேரைப் பரிசல்கள் ஏற்றிவந்தன.
ஊதல் நின்ற பிறகுதான்
எண்ணாமல் விட்டது யாரையென்று தெரிந்தது.

கம்பெனி ஆள் வந்தார்.
இரும்பு எத்தனை டன் என்று
எழுதிக்கொண்டு போனார்.

இப்போதும் தண்ணீர் இறங்கினால்
புகைபோக்கி விளிம்பு வெளியே வரும்.
நீர்க்கட்டி கன்னியப்பன்
மதகிலிருந்து பார்த்துவிட்டுச் சொல்வான்:
"தஸ்தகீர் தலை தெரியுது.
இனிமே நாத்து விடாதீங்க."