கேட்கும் மருந்து

மழை விட்ட மூன்றாம் நாள்
பச்சை மாறாமலே தலை சாய்ந்தது
கிழக்குப் பாத்தியில் ஒரு செடி.
மஞ்சள் இல்லை, புழு இல்லை.
உச்சி வெயிலில் யாரோ அதட்டியதுபோல்
குனிந்து நின்றது.
சாயங்காலம் நிமிர்ந்தது.
மறுநாளும் குனிந்தது,
நிமிரவில்லை.

ஆக்னஸ் வந்து அடித்தண்டை அறுத்தாள்.
கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கேட்டு
அந்தத் துண்டைத் தொங்கவிட்டாள்.
“ஆட்டாம பாருங்க.”
அறுபட்ட வாயிலிருந்து இறங்கியது
பால்போல் ஒரு நூல்,
அவசரமில்லாமல், அடிவரைக்கும்.
அத்தனையும் உயிர் என்றாள்.
கவுஞ்சியில் ஒன்றரை ஏக்கர் என் பேரில் இருக்கிறது.
அதில் என்னைவிட நிறையப் பேர் குடியிருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மன்னவனூர் மருந்துக்கடையில்
குழந்தைவேலு சின்னப் பொட்டலங்களை எண்ணி வைத்தார்.
“போன வருசம் ஒண்ணு போட்டீங்க.
இந்தத் தடவை மூணு போடுங்க,
இப்பல்லாம் ஒண்ணுக்குக் கேக்கறதில்ல.”

கேக்கறதில்ல.
வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில்
மகனுக்குக் காதில் சீழ் வடிந்தபோது
டாக்டரம்மா இதையே சொன்னார்:
“இவனுக்கு இது கேக்காதும்மா.”
பிள்ளைக்குச் செவிடு என்று
வராந்தாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.
கேட்காதது காது இல்லை, சீழ் என்று
நர்ஸ் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

பொட்டலங்களைத் திருப்பித் தள்ளினேன்.
தைரியம் ஒன்றும் இல்லை,
கையில் அன்று காசும் குறைவு.

பிறகு பூண்டு.
மண்டியில் கழித்துப் போட்ட சூம்பல் பல்.
அரைத்த மிக்ஸியில் அதன்பிறகு
தேங்காய்ச் சட்னியும் பூண்டுச் சட்னிதான்.
கூடவே ஓடைக்கரையில் மண்டிய
வெள்ளைப்பூக் களை, மாடு வாய் வைக்காதது.
ஆக்னஸ் அதற்கு நீளமாய் ஒரு பேர் சொன்னாள்.
நாங்கள் பேர் வைத்ததில்லை;
பிடுங்கிப் போடுவதற்கு எதற்குப் பேர்?

கொடைக்கானலிலிருந்து ஒரு தட்டு கொண்டுவந்து காட்டினாள்.
உள்ளங்கை அகலம்,
அதில் கிருமி வளர்ந்து படிந்த மூடுபனி.
பூண்டில் நனைத்த காகிதப் பொட்டைச் சுற்றி
ஒரு ரூபாய் அளவுக்கு வெளிச்சம்.
களைச்சாற்றைச் சுற்றி எட்டணா.
வெறும் தண்ணீரைச் சுற்றிப் பனி,
விளிம்புவரை பனி.

தட்டில் மழை பெய்வதில்லை.
தட்டுக்கு மேல்காடு கிடையாது,
அங்கிருந்து செம்மண் தண்ணீர் இறங்குவதில்லை.
இரவல் மண்வெட்டி வருவதில்லை.
ஊற்றிய மறுநாளே வானம் கொட்டித் தீர்த்தது.
மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் ஊற்றினேன்.

பூண்டு முந்நூறைத் தாண்டிய வாரம் அது.
சூம்பல் பல்லுக்கும் விலை வந்துவிட்டது.
உருளை பதினெட்டு.
பதினெட்டைக் காப்பாற்ற
முந்நூறைக் கரைத்து ஊற்றுகிறவளை
மண்டியில் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.
சொன்னார்கள்.

களைதான் மிச்சம். அதற்கு விலையில்லை,
இடுப்புவலி மட்டும்.
அடுத்த நடவில் விதைக்கிழங்கை அதில் ஊறவைத்தேன்.
வெட்டும் கத்தியையும்
ஒவ்வொரு கிழங்குக்கும் ஒரு முறை
கொதிநீரில் முக்கினேன்,
தீட்டுப் பார்க்கிறவள்போல்.

சும்மா விட்ட பாத்தியில்
நூற்றுக்கு அறுபத்தொன்று சாய்ந்தது.
களைச்சாற்றுப் பாத்தியில் நாற்பத்துநாலு.
“சுமார்” என்று எழுதிக்கொண்டாள் ஆக்னஸ்.
கத்தியா, களையா,
எதற்குக் கேட்டது என்று
அவளாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.
நான் நோட்டில் எழுதவில்லை.
வரப்பில் நடந்து
நிற்கிற ஐம்பத்தாறையும் தொட்டு எண்ணினேன்.

இன்று அதில் ஒன்று
நடுப்பகலில் லேசாய்த் துவண்டிருந்தது.
வெயிலாக இருக்கலாம்.
ஒரு கிளையை அறுத்து
அதே தம்ளரில் தொங்கவிட்டிருக்கிறேன்.
ஐந்து நிமிடம் ஆயிற்று.
தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது.

மகன் டீ கேட்கிறான்.
இருடா,
இன்னும் கொஞ்சம் பார்க்கணும்.