வலப்பக்கம் நாலு

பொக்சிங் டே மலிவில் வாங்கிய பெட்டியைப்
பனிக்கு மேலால் இழுத்துக்கொண்டு வந்தார் சத்தியசீலன்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வின்னிப்பெக்கில், எங்கள் ட்ரான்ஸ்கோனாத் தெருவில்
கார்கள் எல்லாம் வயரில் கட்டுண்டு
சூடு குடித்து நிற்கும் மாதம்.

ஐந்து ஸ்பீக்கர்.
உறுமுவதற்கென்றே தனியாக ஒரு கறுத்த பெட்டி.
வழிகாட்டிப் புத்தகத்தை அவர் விரிக்கவேயில்லை.
அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்தார்.

இரண்டு நாள் குப்புறக் கிடந்து
வெண்ணெய்க் கத்தியால்
கம்பளத்தின் விளிம்புக்குள் வயரைத் தள்ளினார்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று
பூசைக்காரர் போல முணுமுணுத்தார்.
என்னுடைய பூச்சாடி இடம்பெயர்ந்தது.
சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் குடியேறியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
சொன்னேன், கொஞ்சம்.

பிறகு சோஃபாவில் அவருடைய இடத்தில்
கட்டைவிரல் அளவு மைக் ஒன்றை இருத்தினான் நிதுஷன்.
"ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ, வீட்டை அளக்குது."
ஃபர்னஸை நிறுத்தினோம். பிரிட்ஜை நிறுத்தினோம்.
அந்த நேரம் பார்த்துக்
கீழ்வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது.
மறுபடி முதலில் இருந்து.
எல்லாம் சரி என்று கடைசியில் ரீவி எழுதிக் காட்டியது.

சரியோ என்று பார்க்க
அவர் மைக்கைத் தூக்கிவிட்டு அதன் இடத்தில் இருந்தார்.
நிதுஷன் ரிமோட்டை அமத்தினான்.
ஸ்ஸ்ஸ்... இடது முன்,
பால் பொங்கி அடுப்பில் விழுகிற சத்தம்.
நடு.
வலது முன்.
வலது பின்.

"வரேல்லை" என்றார்.

எனக்கு வந்தது.
நிதுஷனுக்கும் வந்தது.
அவன் வாயைத் திறந்தான்,
நான் கண்ணால் மூடினேன்.

ஸ்ரூலில் ஏறினார். வயரைக் கழற்றிப் பூட்டினார்.
"வரேல்லை."
நுனியைப் பல்லால் உரித்து மறுபடி பூட்டினார்.
"பழுதைத் தலையில கட்டிப்போட்டான் கடைக்காரன்."
சத்தம் அவர் தோளுக்குப் பின்னால்
கொட்டிக்கொண்டே இருந்தது.

பதினெட்டு வருஷம்
தகடு வெட்டும் மெஷினுக்கு வலப்பக்கத்தைக் கொடுத்து நின்றவர்.
காதடைப்பான் கொடுத்தார்கள்தான்.
ஃபோர்மன் கூப்பிட்டால் கேட்கவேணும் என்று
ஒன்றைக் கழற்றிப் பொக்கெற்றில் வைத்திருப்பாராம்.
பகிடியாகத்தான் ஒருநாள் சொன்னார்.

எந்தக் கொண்டாட்டத்திலும்
வலக்கோடிக் கதிரையை ஓடிப்போய்ப் பிடிப்பது ஏன் என்று
ஸ்ரூலின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் விளங்கியது.
காரும் விளங்கியது.
இந்த நாட்டில் ஓட்டுகிறவருக்கு வலப்பக்கம்தான் மனைவி.
நான் என்ன கேட்டாலும் ஒரு "ம்."
அதைக் கோபம் என்று எடுத்து
ஏழு வருஷம் திருப்பிக் கோபப்பட்டிருக்கிறேன்.
சிவப்பு விளக்குகளில் எல்லாம்
ஜன்னல் பக்கம் பார்த்திருக்கிறேன்.

கீழே இறங்கும்போது தற்செயலாகத் தலை திரும்பியது.
"ஆ, இப்ப வருது" என்றார்.
வெண்ணெய்க் கத்தியைத் துடைத்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

இரவு அவர் வேலைக்குப் போன பிறகு
கோப்பையைத் தூக்கிப் புத்தகத்தை எடுத்தேன்.
தேத்தண்ணி வட்டத்துக்குக் கீழே
எனக்கு வேண்டிய பக்கம் இருந்தது.
வலது முன், கூட்டு நாலு.
வலது பின், கூட்டு நாலு.
இந்தப் பெட்டிக்குக் கூட்டவாவது ஒரு பொத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை படத்தில் மழை.
"அம்மா, வலப்பக்கம் கூடிப்போச்சு" என்றான் நிதுஷன்,
"மைக் சரியாத்தானே அளந்தது?"
"அது மைக்குக்கு" என்றேன்.

அவர் தலையைச் சரிக்காமல்
நேரே ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் எழுந்து
அவருக்கு இடப்பக்கம் வந்து இருந்தேன்.
"கடலை வறுக்கட்டோ?" என்று
மெல்லமாகத்தான் கேட்டேன்.

"உப்புக் குறைச்சுப் போடும்" என்றார்.