பதினெட்டு டாலர் கத்தி

காலை ஒன்பதுக்கு கார்மைன் ஸ்கால்ஸோ
தொண்டைக்குத் தேன் ஊற்றிக்கொள்வான்.
ஒன்பதே காலுக்கு முதல் 'அமேசிங்'.
மேசைமேல் ஒரு கேரட், ஒரு பழைய ஷூ,
ஒரு முழம் செப்புக் குழாய்.
மூன்றையும் அறுக்கும் ஒரே கத்தி,
பதினெட்டு டாலர், இன்று மட்டும்.
அந்த இன்று
கண்காட்சி நடந்த பன்னிரண்டு நாளும் இருந்தது.

பக்கத்துக் கடை என்னுடையது.
சீஸ் கட்டிகளை மாவில் முக்கிப் பொரித்து
காகிதக் கூம்பில் கொடுப்பேன்.
பலகையில் 'சீஸ்' என்றுதான் எழுதியிருக்கும்.
முதல்நாளே கார்மைன் தலையில் அடித்துக்கொண்டான்:
"உடுத்த ஓர் அடைமொழிகூட இல்லாமலா
இதை ஊர் நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள்?"

நியூ ஜெர்சிக்காரன். அவன் ஊரில்
ரொட்டிக் கடைகூட உலகிலேயே பெஸ்ட்தானாம்,
மூன்று தெருவில் மூன்று பெஸ்ட்.
இது மினசோட்டா.
நார்வேயில் கப்பலேறும்போது எங்கள் ஆட்கள்
உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டார்கள்,
ஆச்சரியக்குறியைக் கரையில் விட்டுவிட்டார்கள்.
மகள் டாக்டருக்குப் படித்து முடித்தாள்: 'நாட் பேட்'.
ஒரு ராத்திரி வடதுருவ ஒளி
வானம் பூராவும் பச்சைப் பச்சையாய் ஆடிற்று.
இதைவிட மோசமாகவும் இருக்கலாம், என்றோம்.
பிறகு கார் கண்ணாடியில் உறைபனி சுரண்டப் போனோம்.
என்னைப் பெண் கேட்டபோது ஹால்வர் சொன்னதை
இங்கே எழுதப்போவதில்லை.
எழுதினாலும் ஒரு வரிக்கு வராது.

அவன் சொற்கள் என் எண்ணெய்ச் சட்டியைத் தாண்டி வரும்.
இன்க்ரெடிபிள் என்றால் நம்ப முடியாதது;
நம்பச் சொல்லித்தான் அதையும் சொல்கிறான்.
கேம் சேஞ்சர். எந்த ஆட்டம், யார் ஆடுகிறார்கள்?
மஸ்ட் ஹேவ். இது புகழ்ச்சியா, போலீஸ் உத்தரவா?
ஃபென்டாஸ்டிக்கைக் கைப்பிடிக்கென்று வைத்திருந்தான்,
அது தேய்ந்து தேய்ந்து
சாயங்காலத்தில் ஒரு 'ஃபென்' மட்டும் காதில் விழும்.
"இந்த ஊர் ஜனத்துக்குக் காது இல்லையா?"
இருக்கிறது.
கை தட்டத்தான், பாக்கெட்டிலிருந்து
கையை எடுக்க வேண்டும்.

ராக்னா ட்வெய்ட் நாலு நாள் வந்தாள்.
மாட்டுப் பண்ணைக்காரி, ரப்பர் பூட்ஸ்,
கைகட்டி முன்வரிசையில் நிற்பாள்.
ஷூ அறுபடும், குழாய் அறுபடும்,
அவள் முகத்தில் மட்டும் ஒன்றும் அறுபடாது.
அவளுக்காகவே குரலை ஏற்றினான் கார்மைன்.
'லைஃப் சேஞ்சிங்!' என்றபோது
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
பால் கறக்கும் நேரம்.

ஐந்தாம் நாள் ஒரு தக்காளியோடு வந்தாள்.
மேசையில் வைத்தாள். "இதை அறு."
ஜூனில் உறைபனி விழுந்தபோது
தன் படுக்கை விரிப்பால் மூன்று ராத்திரி மூடிய செடி.
எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

கத்தி இறங்கிய சத்தமே கேட்கவில்லை.
ஒரு வில்லையை உப்பில்லாமல் வாயில் போட்டான்.
கன்னத்தோரம் மைக்கை அணைக்க மறந்துவிட்டான்,
ஆகவே மைதானத்து ஒலிபெருக்கி எல்லாவற்றிலும்
ஓர் ஆள் மெல்லும் சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.
ராட்டினம் கிறீச்சிட்டது. எங்கோ ஒரு கன்று கத்தியது.
காலையிலிருந்து கையிருப்பை எல்லாம்
ஒரு பழைய ஷூவுக்குச் செலவழித்துவிட்டு
பையைத் துழாவுகிறவன் முகம் அது.

"நாட் பேட்," என்றான்.

ராக்னாவுக்குக் கழுத்திலிருந்து காதுவரை சிவந்துவிட்டது.
நாலு பேர் நடுவில் இப்படியா பேசுவது என்பதுபோல்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.
மீதித் தக்காளியை அங்கேயே விட்டுப் போனாள்.
கத்தி வாங்கவில்லை.

மறுநாள் கடை திறக்கிறேன்,
என் பலகையில் 'சீஸ்' பக்கத்தில்
சிவப்பு மையில் நெட்டையாக ஓர் ஆச்சரியக்குறி.
ஈரத்துணி போட்டுத் தேய்த்தேன்.
கோடு போய்விட்டது, புள்ளி போகவில்லை.
இருக்கட்டும் என்று
எண்ணெயைச் சூடு பண்ணினேன்.