எட்டு மணி நேரம், ஏசி உண்டு

ஒரே ஆளுக்குப் பதிவு.
பெயர் நிரஞ்சன் ஹெக்டே, ஊர் தாவணகெரே,
ஏற்ற வேண்டிய இடம் மண்ணடி லாட்ஜ்.
தனி வண்டி, தண்ணீர் பாட்டில் இரண்டு, வழிகாட்டி ஒன்று.
அந்த ஒன்று நான்.

ராயபுரம் ஸ்டேஷன் தூண்களின் முன்னால்
மனப்பாடத்தைத் தொடங்கினேன்.
தென்னாட்டின் முதல் ரயில் இங்கிருந்து கிளம்பி
வாலாஜா ரோட்டைத் தொடுவதற்குள்
ஹெக்டேயின் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது.
வாய் லேசாகத் திறந்திருந்தது.

தூங்குகிறவருக்குச் சொல்வதா, விடுவதா?
கூலி வாங்கியாயிற்று. சொன்னேன்.
கேட்டது டிரைவர் குணாளன்:
"இன்னாது, இதுக்கு இவ்ளோ வயசா?
இதும் பின்னாடிதாங்க்கா என் சைக்கிள் களவு பூச்சு."

காசிமேட்டில் ஏலம் முடிந்திருந்தது.
ஐஸ் கரைந்த தண்ணீர் டயர்வரை வந்தது.
கவிச்சியாவது எழுப்பட்டும் என்று கண்ணாடியை இறக்கினேன்.
ஹெக்டே மூக்கைச் சுருக்கி
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஒருத்தி அன்னக்கூடையை எங்கள் பானட்டில் வைத்து
நிதானமாகச் சில்லறை எண்ணி
எடுத்துக்கொண்டு போனாள்.
என் மனப்பாடத்தில் அவளுக்கு வரி இல்லை.

திருவொற்றியூரில் நிழல் பார்த்து நிறுத்தி
மகிழ மரத்தடியில் 'பிரியேன்' என்று சத்தியம் செய்து
ஊர் எல்லை தாண்டிய கணம் கண் போன கதையை
முழுதாகச் சொன்னேன், குறட்டைக்கு நடுவே.
"அப்டிப் பாத்தா
எங்க தெருவுல பாதிப் பேரு குருடுக்கா"
என்றான் குணாளன்.

அப்புறம் எக்ஸ்பிரஸ் சாலை.
பெயர்தான் அது.
முன்னால் கன்டெய்னர், பின்னால் கன்டெய்னர்,
நடுவில் எங்கள் தனிப் பயணம்
ஐம்பது நிமிஷம் நகரவில்லை.
என்னிடம் இந்தச் சாலைக்கு வாக்கியம் கிடையாது.
குணாளன் என்ஜினை அணைத்தான்.
"வலது பக்கம் கல்லு கொட்டிக்கீதே,
அதுக்கு அந்தாண்ட மூணு தெரு.
ரெண்டாவதுல எங்க ஊடு.
நடு ராத்திரி, டிவி பொட்டிய மட்டும் தூக்கினு வந்தோம்.
கரண்டு இல்ல, அத்த வெச்சி இன்னா பண்றதுன்னு
அப்ப தோணல."
சிரித்தான். முன்னால் லாரி ஒரு முழம் நகர்ந்தது.

கடைசி இடம் எண்ணூர் முகத்துவாரம்.
பட்டியலில் 'இயற்கை' என்று போட்டிருப்பது இதைத்தான்.
வண்டி நின்றதும் ஹெக்டே விழித்தார்.
இடுப்பளவு நீரில் நாலைந்து பெண்கள்
பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு
சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவினார்கள்.
"எதையாவது தொலைத்துவிட்டார்களா?" என்றார்.
நானும் குணாளனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அவர் எதிர்க்கரையின் புகைபோக்கிகளை எண்ணினார்.
"அதோ, அதன் கீழேதான் எனக்கு வேலை.
கொதிகலன் பழுது.
மூன்று வாரமாக இருட்டில் பஸ் ஏறுகிறேன்,
இருட்டில் இறங்குகிறேன்.
வெளியே என்னதான் இருக்கிறது என்று
ஒரு பகல் பார்க்க நினைத்தேன்.
நேற்றும் ராத்திரி ஷிப்ட்.
மன்னியுங்கள்."

ஷூவைக் கழற்றி, பேன்ட்டைச் சுருட்டி இறங்கினார்.
இரண்டாவது எட்டில் கால் புதைந்தது.
மணல் என்று நினைத்திருப்பார்.
பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒரு பெண்
"அங்க வாணாம், சாம்பலு, உள்ள இஸ்துக்கும்" என்றாள்.
மொழி புரியாமல் நின்றார்.
அவளே வந்து முழங்கையைப் பிடித்து
திடமான தரைவரை நடத்திவிட்டு
விட்ட இடத்தில் தடவப் போனாள்.

வண்டியில் ஏறிய கால்கள்
கெண்டைவரை சாம்பல் நிறம்.
துடைக்கத் துணி கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார்.
"நேரம் மீதி இருக்கிறதா?"
இரண்டு மணி நேரம், என்றேன்.
"திரும்பும்போது முதலிலிருந்து சொல்லுங்கள்.
தூங்க மாட்டேன்."

தொண்டையைச் செருமினேன்.
முதலிலிருந்து என்றால் எதிலிருந்து?
தூண், ரயில், மகிழ மரம்,
எதை எடுத்தாலும் கொஞ்சம் தள்ளி இருந்தது.

"லெஃப்ட்ல பாருங்க சார்"
என்று ஆரம்பித்தான் குணாளன்.

இடது பக்கம்
கடல் மட்டும்தான் இருந்தது.